பேஸ் கிட்டார் பதிவு: எதை முதலில் வாங்குவது?

வணக்கம்.

வீட்டிலேயே ஓர் அறையில் பாடல்களைப் பதிவு செய்துவருகிறேன். பேட்டரி இல்லாத, பாஸிவ் பிக்கப் கொண்ட நான்கு கம்பி பேஸ் கிட்டாரும், கிட்டாரைக் கணினியுடன் இணைக்கும் இரண்டு சேனல் இன்டர்ஃபேஸும், ஐந்து அங்குல மானிட்டர் ஸ்பீக்கர்களும் என்னிடம் இருக்கின்றன. கிட்டாரை இன்டர்ஃபேஸில் நேரடியாகச் செருகிப் பதிவு செய்தால் ஒலி மங்கலாக வருகிறது. கிக் டிரம் சேர்ந்ததும் பேஸ் இருக்கும் இடமே தெரிவதில்லை. பதிவுக்கு முன் ஒலியைப் பெருக்கும் வால்வு ப்ரீஆம்ப் வாங்கினால் சரியாகும் என்கிறார் ஒரு நண்பர். ஆம்பும் மைக்கும் இல்லாமல் பேஸ் பதிவு செய்வதே வீண் என்கிறார் இன்னொருவர். எதை வாங்கலாம்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

எதையும் வாங்குவதற்கு முன்னால், கேபிளைச் செருகும் இடத்தை ஒருமுறை பாருங்கள். பல இன்டர்ஃபேஸ்களில் ஒரே உள்ளீடு லைன் (கீபோர்டு போன்றவற்றுக்கு), இன்ஸ்ட்ருமென்ட் (கிட்டாருக்கு) என்ற இரண்டு நிலைகளில் இயங்கும். சிறு பொத்தான் ஒன்றோ, கணினித் திரையில் ஒரு தேர்வோ அதை மாற்றும். பாஸிவ் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செம்புக் கம்பி. அதிர்வெண் கூடக்கூட அதன் இம்பீடன்ஸும், அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடையும், கூடும். ஆகவே அதை வாங்கிக்கொள்ளும் உள்ளீட்டின் இம்பீடன்ஸ் மிக அதிகமாக, ஏறத்தாழ 1 மெகா ஓம் அளவில் இருக்க வேண்டும். லைன் உள்ளீட்டில் இது பெரும்பாலும் 10 கிலோ ஓமை ஒட்டியே இருக்கும் என்பதால், விரல் கம்பியை மீட்டும் ஓசை, கம்பி ஃப்ரெட்டில் படும் ஓசை போன்ற மேல்பகுதிகள் முதலில் கரைந்துபோகின்றன. மொத்த அளவும் குறைவதால் நாம் கெயினைத் திருகுகிறோம், இரைச்சல் ஏறுகிறது. நீங்கள் சொல்லும் மங்கல் இதுவாகவே இருக்கக்கூடும். ஒரே வரியை இரண்டு நிலைகளிலும் வாசித்துப் பதிவு செய்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

உங்கள் இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் நிலையே இல்லை என்றால்தான், கிட்டாரின் ஒலியை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் டி.ஐ. பாக்ஸ் தேவைப்படும். அப்படி வாங்குவதாயின், உங்கள் பிக்கப்புக்கு மின்சாரத்தில் இயங்கும் ஆக்டிவ் டி.ஐ. பொருத்தமானது. டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் நம்பும் பாஸிவ் வகையைவிட அதன் உள்ளீட்டு இம்பீடன்ஸ் பொதுவாக அதிகம். மைக் உள்ளீட்டின் வழியாக 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம் கிடைத்தால் பல மாடல்கள் பேட்டரி இல்லாமலே இயங்கும்.

ஆம்பும் மைக்கும் வேண்டும் என்பவருக்கு என் பதில் சற்று நீளமானது. பேஸின் தடித்த இ கம்பி எழுப்பும் அடிப்படை அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ், காற்றில் அதன் அலைநீளம் 8 மீட்டருக்கும் மேல். எதிரெதிர்ச் சுவர்கள் 3 மீட்டர் இடைவெளியில் நிற்கும் ஓர் அறை ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸில் தானே முழங்கத் தொடங்கும்; ஏ கம்பியின் முதல் ஃப்ரெட்டில் பிறக்கும் சுரம் அதற்கு மிக அருகில் இருப்பதால், அந்த ஒரு சுரம் மட்டும் பூதாகரமாக எழும்பும், அடுத்தடுத்த சுரங்கள் மெலிந்து ஒலிக்கும். மைக்கை ஸ்பீக்கருக்கு நெருக்கமாக வைத்தால் இது குறையும், ஆனால் முற்றிலும் மறையாது. தவிர, ஆம்ப் நன்றாக ஒலிக்கும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினால் வீட்டில் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பதையும் நண்பர் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

நேரடிப் பதிவு வசதியில்லாதவர்களின் மாற்றுவழி என்று எண்ண வேண்டியதும் இல்லை. 1960களில் டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ், ஆம்பும் மைக்கும் இல்லாமல் நேராக மிக்ஸிங் கன்சோலுக்குள் சென்றதுதான். அவருடைய 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் தட்டையான சுற்றுக் கொண்ட ஃப்ளாட்வூண்ட் கம்பிகள் இருந்தன, அவற்றை அவர் அநேகமாக மாற்றுவதே இல்லை. அந்த உருண்ட, சற்று மூடிய ஒலி அவர் தேர்ந்துகொண்டது. உங்களுக்கு வேண்டியது தெளிவு என்பதால், உங்கள் கம்பிகள் பழையனவாக இருந்தால் உருண்டைக் கம்பி சுற்றிய புதிய ரவுண்ட்வூண்ட் கம்பிகளுக்கு மாறுவதே மிகச் சிக்கனமான மேம்பாடு. மாற்றும்போதே பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் அதே இடத்தில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ட்யூனரில் ஒன்றாக நிற்கின்றனவா என்று பார்த்து, பிரிட்ஜில் சரிசெய்துகொள்ளுங்கள்.

கிக்குடன் சேரும்போது பேஸ் காணாமல் போவது பெரும்பாலும் கேட்கும் முறையிலிருந்து வரும் சிக்கல். ஐந்து அங்குல ஸ்பீக்கர்கள் பொதுவாக 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வலுவிழந்துவிடும். கேட்காததைக் கேட்கவைக்க நாம் ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியில்) அடிப்பகுதியை ஏற்றுகிறோம், ஏற்கெனவே கிக் அமர்ந்திருக்கும் இடத்திலேயே பேஸையும் கொண்டுபோய்த் திணிக்கிறோம். உண்மையில் சிறிய ஸ்பீக்கரில் பேஸைக் காதுக்குக் காட்டிக்கொடுப்பவை அடிப்படை அதிர்வெண்ணான 41 ஹெர்ட்ஸின் மடங்குகளாக 82, 123 ஹெர்ட்ஸ் என்று மேலே செல்லும் ஹார்மோனிக்குகளும், 700 ஹெர்ட்ஸிலிருந்து 1 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான விரலோசையும்தான். எனவே பணம் செலவழிக்க விரும்பினால் கம்பிகளுக்கு அடுத்தபடியாக ஒரு நல்ல ஹெட்ஃபோனுக்குச் செலவழியுங்கள். அறையின் முழக்கம் அதற்குள் நுழைவதில்லை.

வால்வு ப்ரீஆம்ப் சொன்ன நண்பர் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. வால்வு தரும் மெல்லிய திரிபு ஹார்மோனிக்குகளைக் கூட்டும். பேஸ் மேலே தெரியும். ஆனால் பதிவின்போதே சேர்த்துவிட்ட திரிபைப் பிறகு எடுக்க வழியில்லை. சுத்தமாகப் பதிவு செய்துவிட்டு, இதே போன்ற திரிபைக் கணினியில் தரும் சாச்சுரேஷன் அல்லது ஆம்ப் சிமுலேட்டர் ப்ளக்இன்னைப் பின்னர் போட்டால் பாடலுக்கு ஏற்ப அளவை மாற்றிக்கொள்ளலாம். 24 பிட்டில் பதிவு செய்கையில் உச்சங்கள் -10 டெசிபெலைத் தாண்டாமல் இருந்தாலே போதும். சுரத்துக்குச் சுரம் அளவு ஏறி இறங்கினால் உரத்த சுரங்களை அடக்கும் கம்ப்ரஸர் ஒன்றை 4:1 விகிதத்தில் போட்டு, நான்கைந்து டெசிபெல் குறையும்படி வைத்துப் பாருங்கள்.

எப்போதாவது ஆம்ப் வாங்கிவிட்டால், மைக்குடன் கூடவே டி.ஐ. ஒலியையும் இன்னொரு சேனலில் பதிவு செய்யுங்கள். மைக் ஸ்பீக்கரிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால் அதன் ஒலி ஏறத்தாழ 0.9 மில்லி செகண்ட் தாமதமாக வரும், இரண்டும் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். திரையில் இரு அலைவடிவங்களையும் பெரிதாக்கிப் பார்த்து, மைக் டிராக்கை அந்த அளவு முன்னே (பாடலின் தொடக்கத்தை நோக்கி) நகர்த்திவிடுங்கள்.