டாக்டரம்மாவிடம் கேளுங்கள்: ஏலக்கூடத்துக்கு எந்த ஏஇடி?

கேள்வி: டாக்டரம்மா, போன மாதம் எங்கள் மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். 108 வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. சங்கத்துப் பணத்தில் ஏஇடி, அதாவது இதயத்துக்கு மின்சார ஷாக் கொடுக்கிற கருவி, வாங்க முடிவு செய்திருக்கிறோம். ஒரு கம்பெனி 90 ஆயிரம் சொல்கிறது, இன்னொன்று ஒன்றரை லட்சம். எதை வாங்குவது? எங்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது.
- வாசகர், பாம்பன்

பதில்: படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. நீங்கள் எடுத்திருப்பது நல்ல முடிவு. இப்படித் திடீரென்று சரிகிறவர்களில் பலருக்கு இதயம் உடனே நின்றுவிடுவதில்லை, தாறுமாறாக நடுங்கிக்கொண்டு ரத்தத்தைத் தள்ள முடியாமல் கிடக்கும். அந்த நடுக்கத்தை நிறுத்துவது ஷாக்தான். மார்பை அழுத்தாமலும் ஷாக் கொடுக்காமலும் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும். பாம்பனிலிருந்து ராமநாதபுரம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விலையை அப்புறம் பார்க்கலாம். விற்கிறவரை டெமோ கருவியோடு ஏலக்கூடத்துக்கே வரச்சொல்லுங்கள், அதுவும் விடிகாலையில், ஏலம் சூடாக நடக்கிற நேரத்துக்கு. அந்தச் சத்தத்தில் கருவி பேசுவது காதில் விழுகிறதா, தமிழில் பேசுகிறதா, ஷாக்கைக் கடத்த மார்பில் ஒட்டுகிற பேடை எங்கே ஒட்டுவது என்று படம் பெரிதாகத் தெளிவாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மீன் கூறு வைக்கிற ஓர் அக்காவிடம் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் கருவியைக் கொடுத்து, ஒரு பொம்மை மேல் ஒட்டச் சொல்லுங்கள். நான் எடுத்த ஒரு வகுப்பில், செதில் ஒட்டிய ஈரக் கையோடு வந்த ஒருவரால் பேடின் பின்தாளை உரிக்கவே முடியவில்லை, நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒரு நிமிடம் போய்விட்டது. அன்றிலிருந்து பெட்டிக்குள் ஒரு துண்டு, கத்தரிக்கோல், ரேஸர் வைக்காமல் நான் எங்கும் போவதில்லை. துண்டு கைக்கும் ஆச்சு, மார்பைத் துடைக்கவும் ஆச்சு.

உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ஐபி55 தரமாவது வேண்டும். முதல் 5 தூசிக்கு, இரண்டாவது 5 பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்கு. வெயிலும் சும்மா விடாது. பெரும்பாலான கருவிகளுக்கு 50 டிகிரிதான் உச்சம், அதனால் தகரக் கூரைக்கு நேர் கீழேயோ வெயிலில் நிற்கிற வேனிலோ வைக்காதீர்கள், பேடில் இருக்கிற ஜெல் காய்ந்துவிடும்.

தானாகவே ஷாக் கொடுக்கிற முழு ஆட்டோமேட்டிக்கும் உண்டு, நாம் பட்டன் அழுத்துகிற வகையும் உண்டு. உங்களுக்கு நான் பட்டன் வகையைத்தான் சொல்வேன். நம் ஊரில் ஒருவர் விழுந்தால் பத்துப் பேர் கையைக் காலைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். எல்லோரும் கையை எடுத்துவிட்டார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தலாம்.

சரி, செலவு. பேடு ஒருமுறைதான். பயன்படுத்தாமலே இருந்தாலும் கருவியைப் பொறுத்து 2 முதல் 5 வருடத்தில் காலாவதி ஆகிவிடும், பேட்டரியையும் சில வருடங்களில் மாற்ற வேண்டும். 90 ஆயிரம் கருவியின் பேடு மதுரையில் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமென்றால் அது மலிவே இல்லை. இரண்டு கம்பெனியிடமும் 8 வருடத்துக்கான பேடு, பேட்டரி விலையை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, பூட்டாதீர்கள். கடலோரத்தில் ஒரு விடுதியில் கருவி அலமாரிக்குள் பத்திரமாக இருந்தது, சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: ஷாக் தேவையில்லாதவருக்குத் தவறாகக் கொடுத்துவிட்டால்?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: கருவியே இதயத் துடிப்பைப் படித்துப் பார்க்கும், தேவையில்லை என்றால் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் ஷாக் வராது. தைரியமாக ஒட்டுங்கள்.

கேள்வி: கடலில் மூழ்கியவருக்கும் இதைப் போடலாமா?
- வாசகர், தேவிபட்டினம்

பதில்: போடலாம், ஆனால் அவருக்கு முதல் தேவை மூச்சு. கரையில் காய்ந்த இடத்துக்கு இழுத்து வந்ததும், மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், பிறகு 30 முறை மார்பை அழுத்தி 2 முறை மூச்சு என்று தொடருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். நீங்கள் அழுத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் மார்பை நன்றாகத் துடைத்து, தாயத்து, செயின் இருந்தால் ஒதுக்கிவிட்டு, ஒரு பேடை வலது காறை எலும்புக்குக் கீழும் இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழே விலாவிலும் ஒட்டட்டும்.