நாற்று சாய்கிறதா? மருந்தை முதலில் வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

கேள்வி: குழித்தட்டில் போட்ட தக்காளி நாற்றுகள் ஒல்லியாக நீண்டு சாய்கின்றன. 'செல் சுவர்ப் புரத ஜீன்களைத் தூண்டித் தண்டைக் கெட்டியாக்கும்' என்று ஒரு தெளிப்பு மருந்தைச் சிபாரிசு செய்கிறார்கள். கையேட்டில் ஆய்வு வரைபடமும் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் நாற்றுக்குப் பெரும்பாலும் வெளிச்சம்தான் போதவில்லை. தட்டை வெளிச்சத்துக்கு மாற்றுங்கள், நெருக்கத்தைக் குறையுங்கள்.

நிழலில் மாட்டிய நாற்று வெளிச்சத்தைத் தேடி நீளும். ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டில் வேலையைத் தொடங்கும். செல் தன் சுவருக்குள் அமிலத்தைத் தள்ளும். அந்த அமிலத்தில் எக்ஸ்பான்சின் என்ற புரதம் சுவரின் நார்களுக்கு இடையே உள்ள பிடியைத் தளர்த்திவிடும். உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் தள்ள, செல் இழுபட்டு நீளும். 1992இல் வெள்ளரி நாற்றின் தண்டிலிருந்துதான் எக்ஸ்பான்சினைப் பிரித்தெடுத்தார்கள். சுவரை இறுக்குவது வேறொரு புரதம், எக்ஸ்டென்சின். (சுவர் நீள உதவும் என்று நினைத்து அந்தப் பெயரை வைத்தார்கள். அது பார்ப்பது நேர்மாறான வேலை என்று பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.)

ஆகவே 'ஜீனைத் தூண்டும்' என்பவரிடம் எந்த ஜீனை என்று கேளுங்கள். ஆய்வகங்களுக்குப் பிடித்த அரபிடாப்சிஸ் செடியில் எக்ஸ்பான்சின் குடும்பத்துக்கு மட்டுமே 36 ஜீன்கள். அவற்றைத் தூண்டினால் உங்கள் நாற்று இன்னும் நீளும்!

அந்த வரைபடத்துக்கு வருவோம். 1990இல் ஜேனட் பிராம், ரொனால்ட் டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அரபிடாப்சிஸ் மீது ஹார்மோன் தெளித்தார்கள். சில ஜீன்களின் செயல்பாடு அரை மணி நேரத்துக்குள் கிடுகிடுவென ஏறியது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் தெளித்த செடியிலும் அதே ஏற்றம். செடி கணக்கில் எடுத்தது மருந்தை இல்லை, மேலே பட்ட துளியை. காற்றும் கை தொடுவதும்கூட அதையே செய்தன. அந்த ஜீன்களில் ஒன்று, செல் சுவரை மாற்றியமைக்கும் நொதிக்கு உரியது என்று பிற்பாடு தெரிந்தது. தண்ணீர் மட்டும் தெளித்த செடியின் கோடு இல்லாத வரைபடத்தைக் காட்டி விற்கிறவர், தண்ணீரைத்தான் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நோய்க்கிருமி தாக்கினால் சுவரில் ஏற்கெனவே கிடக்கும் புரதங்களைச் செடி சில நிமிடங்களிலேயே ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு பிணைத்து இறுக்கிவிடும். புது ஜீன் விழித்துப் புரதம் வந்து சேர்வது அப்புறம்தான். ஜீன் ஏறியது என்பதால் சுவர் கெட்டியாகிவிட்டது என்று ஆகாது.

'தண்ணீரைக் குறைத்தால் தண்டு இறுகும்' என்பார்கள். தண்டு மட்டில் அது சரிதான். வேருக்கு அப்படியே பொருத்தாதீர்கள். மக்காச்சோளத்தில் பார்த்திருக்கிறார்கள்: ஈரம் குறையும்போது தண்டின் வளர்ச்சி அடங்கிவிடும், வேர் நுனியின் சில மில்லிமீட்டர் மட்டும் அடங்காது. அங்கே எக்ஸ்பான்சின் கூடும், சுவர் இளகும், வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். ஒரே வறட்சி, ஒரே செடி. மேலே பூட்டு, கீழே திறப்பு. அதனால் லேசாகக் காயவிட்டு நீர் விடலாம். வேர் நுனியே கருகும் அளவுக்குக் காயவிட்டால் அந்தத் திறப்பும் போய்விடும்.

காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. தினமும் ஓரிரு முறை, நாற்றுகளின் தலைமேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டுங்கள், பத்து இருபது தடவை. தக்காளி இதற்கு நன்றாகவே இணங்கும். புதிதாக வரும் தண்டு குட்டையாக, உறுதியாக வரும். ஏற்கெனவே நீண்டது குறையாது. அந்தப் பகுதியை நடும்போது மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள், அதிலிருந்தும் வேர் விடும். இலை ஈரமாக இருக்கும்போது மட்டும் கை வைக்காதீர்கள், ஒரு நாற்றின் நோய் தட்டு முழுக்கப் பரவிவிடும்.