நட்பு நாடுகள் பருவநிலை மாநாட்டுக்கு முன்பே ஏன் முட்டிக்கொள்கின்றன?

பருவநிலை மாநாடு என்பது 1992-ல் உருவான ஐநா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் கூடிப் பேசும் கூட்டம். அங்கே வாக்கெடுப்பு நடப்பதில்லை, எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. தனியாகப் போனால் குரல் எடுபடாது என்று நாடுகள் அணி சேர்கின்றன. அணிக்கு ஒரே நிலைப்பாடு வேண்டுமே, அதனால் சண்டை முன்கூட்டியே வீட்டுக்குள் நடந்துவிடுகிறது.

சேலத்துக்காரர்களுக்குத் திருமணிமுத்தாற்றைச் சொன்னால் போதும். சேர்வராயன் மலையில் பிறக்கும் ஆறு, ஊருக்குள் சாக்கடையும் சாயத்தண்ணீரும் கலந்து கறுத்து ஓடுகிறது. அது சுத்தமாக வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே கட்சிதான். யார் முதலில் நிறுத்துவது, செலவு யார் தலையில் என்றதும்தான் தகராறு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலக்கரியை நம்பியிருக்கும் போலந்து ஒரு பக்கம் இழுக்கும், காற்றாலை நாடான டென்மார்க் மறுபக்கம். வளரும் நாடுகளின் ஜி-77 அணியில் கடல் மட்டம் உயர்வதைக் கண்டு அஞ்சும் மாலத்தீவும் உண்டு, எண்ணெய் விற்கும் சவூதியும் உண்டு. பணப் பேச்சு வந்தால் சூடு இன்னும் ஏறும். பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009-ல் சொன்னார்கள். அவர்கள் கணக்குப்படியே அது நிறைவேறியது 2022-ல்தான். இந்தத் தாமதத்தை லேசில் மன்னிக்க முடியாது.

அப்புறம், சண்டை என்றாலே கூட்டணி உடைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இத்தனை இழுபறிக்கும் நடுவே ஜி-77 1964-லிருந்து ஒரே அணியாகத்தான் இருக்கிறது.