அம்மா சைவம், மகனுக்கு டாக்கோ, கையில் 120 வெள்ளி

ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வரும் செவ்வாய்க்கிழமை மகனுக்குப் பிறந்தநாள், 14 வயது. டாக்கோ கடைக்குத்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஊரிலிருந்து என் அம்மா வந்திருக்கிறார். முட்டைகூடத் தொடாத சைவம். நானும் மனைவியும் பிள்ளைகளும் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி இரண்டும் சாப்பிடுவதில்லை. எட்டு வயது மகளுக்குக் காரம் ஆகாது. பட்டியலில் உள்ள பெயர்கள் ஒன்றும் பிடிபடவில்லை. ஐந்து பேருக்கு 120 வெள்ளிக்குள் முடியுமா? அம்மாவுக்குத் தேக்காவில் முன்கூட்டியே சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு அழைத்துப் போவதுதான் நல்லதா?"

வேண்டாம், அம்மாவைப் பசியோடு அழைத்துப் போங்கள். டாக்கோ என்பது டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டிக்குள் காயோ இறைச்சியோ வைத்து மடித்துத் தரும் மெக்சிகோ உணவு. அந்தக் கடையில் சைவக்காரர்களுக்கு வயிறாரச் சாப்பாடு உண்டு. ஆனால் எதைப் பார்த்ததும் 'இது சைவம்தான்' என்று கை தானாக நீளுகிறதோ, அதில்தான் வம்பு ஒளிந்திருக்கும். சிங்கப்பூர் உணவகங்களில் பதினோரு ஆண்டு அடுப்படியில் நின்றவன் நான். அதில் நான்கு ஆண்டு டாக்கோ கடையில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் பீன்ஸ். வேகவைத்து மசித்து, பழுப்பு நிறத்தில் ஒரு கிண்ணத்தில் வரும். ஃப்ரிஹோலெஸ் என்று பட்டியலில் இருக்கும். பார்க்க ராஜ்மா மசியல் மாதிரி சாதுவாக இருக்கும். மெக்சிகோவில் வழிவழியாக அதை வதக்குவது பன்றிக் கொழுப்பில். நான் வேலை பார்த்த ஒரு கடையில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பச்சை இலை அச்சடித்திருந்தார்கள். கொழுப்பு டப்பாவோ அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. இறைச்சித் துண்டு கண்ணில் படாவிட்டால் சைவம், பட்டியல் அடித்தவரின் கணக்கு அவ்வளவுதான். இன்று தாவர எண்ணெய்க்கு மாறிவிட்ட கடைகள் நிறைய உண்டு. உங்கள் கடை எந்த ரகம் என்பது கேட்டால்தான் தெரியும்.

தக்காளி போட்ட சிவப்புச் சோறும் இப்படித்தான். பாதி இடங்களில் அது கோழிச் சாற்றில் வெந்திருக்கும். மேலே ஊற்றும் வெளிர் ஆரஞ்சு நிறச் சாஸில் மயோனைஸ், அதாவது முட்டை இருக்கலாம். கோதுமை டோர்ட்டியாவிலும் மாவு பிசையக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். எல்லாவற்றையும்விட யாரும் நினைத்தே பார்க்காதது பொரிக்கும் எண்ணெய்: மொறுமொறு சிப்ஸும் மீனும் இறாலும் ஒரே சட்டியில் இறங்குவது சின்னக் கடைகளில் சாதாரணம். கடைசியில் வரும் சுரோஸ் இனிப்புக்கும் பெரும்பாலும் அதே சட்டிதான், மாவில் முட்டையும் இருக்கலாம்.

சரி, அம்மா எதைத்தான் சாப்பிடுவது? மக்காச்சோள டோர்ட்டியாவிலிருந்து தொடங்குங்கள். எழுத்துக்கூட்டிப் படித்தால் 'டோர்ட்டில்லா' என்று வரும், கடையில் டோர்ட்டியா என்றே சொல்வார்கள். முறையாகச் செய்தால் அதில் இருப்பது சோளம், தண்ணீர், சுண்ணாம்பு, சில இடங்களில் ஒரு சிட்டிகை உப்பு. ஆமாம், நம் வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றிய சுண்ணாம்பு வகைதான். காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் கழன்றதும் அலசி அரைப்பார்கள். இப்படிப் பதமான சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர்; ஸ்பானியர் அந்த மண்ணில் கால் வைப்பதற்கு மிக முந்திய முறை. சுண்ணாம்பு பட்டால்தான் சோள மாவு ஒட்டும் பதத்துக்கு வரும். தேக்காவில் சாதாரண மக்காச்சோள மாவு வாங்கி வந்து வீட்டில் தட்டிப் பார்த்து, ஓரமெல்லாம் வெடித்துக் கடுப்பானவர்கள் என்னிடமே வந்து புலம்பியிருக்கிறார்கள். மாவின் மேல் பழி போடக் கூடாது, சுண்ணாம்பில் வெந்த மாசா மாவு வேறு சரக்கு.

இன்னொரு விஷயம், இதை அம்மாவிடமும் சொல்லுங்கள், வெற்றிலை போடுபவராக இருந்தால் ரசிப்பார். சோளத்தில் உள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்து நம் உடலில் சேர்வதே இந்தச் சுண்ணாம்பால்தான். ஐரோப்பாவுக்குச் சோளம் கப்பலேறியது, கூடவே சுண்ணாம்பு வித்தை போகவில்லை. சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் தலைமுறை தலைமுறையாக வாட்டியது.

டோர்ட்டியாவுக்குள் வைக்க வேண்டியவை: ஹோங்கோஸ் என்றால் காளான். ராஹாஸ் என்றால் பெரிய பச்சை மிளகாயைத் தீயில் சுட்டுத் தோல் உரித்துக் கீறிய துண்டுகள். காரம் அதிகம் இருக்காது, பாலாடையோ சீஸோ சேர்ந்து வரும். நோப்பாலெஸ் என்று கண்டால் கள்ளிமடல், தைரியமாக வாங்கலாம், கொஞ்சம் வெண்டைக்காய் வழவழப்பு இருக்கும். குவாகமோலே அவகாடோ பழத்தில் வெங்காயம், கொத்தமல்லி, மிளகாய், எலுமிச்சை சேர்த்து மசித்த துவையல் என்றே வைத்துக்கொள்ளலாம். பீக்கோ தே காயோ நம் வெங்காயத் தக்காளிப் பச்சடியின் தயிர் இல்லாத தம்பி. சீஸ் விஷயத்தில் மட்டும் அம்மா கண்டிப்பானவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பால் உறைய வைக்கக் கன்றின் வயிற்று ரென்னட் சேர்த்த சீஸ் வகைகள் உண்டு. இந்தக் கேள்விக்கு மேசையில் பரிமாறுபவரிடம் பதில் கிடைக்காது. ஐயம் இருந்தால் சீஸ் இல்லாமல் கேட்டுவிடுவதே நிம்மதி.

இதையெல்லாம் பிறந்தநாளன்று மேசையில் உட்கார்ந்து விசாரித்தால் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். முதல் நாளே ஃபோன் பண்ணுங்கள், பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள். அப்போதுதான் அடுப்படி மூச்சு விடும் நேரம். 'சைவம் இருக்கிறதா' என்று கேட்டால் யாரும் 'இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள், அது கேள்வியே கிடையாது. பீன்ஸ் எந்தக் கொழுப்பில் வதக்குகிறீர்கள், சோறு எந்தச் சாற்றில் வேகிறது, சிப்ஸ் பொரிக்கும் எண்ணெயில் வேறு என்ன விழுகிறது, டோர்ட்டியாவைத் தனிச் சட்டியில் சூடாக்கித் தர முடியுமா என்று பொருள் பொருளாகக் கேளுங்கள். எடுத்தவர் 'ஒரு நிமிஷம், சமையல்காரரைக் கேட்கிறேன்' என்றால் நல்ல கடை. யோசிக்காமல் 'எல்லாம் ஓகே' என்றால் வேறு கடையைப் பாருங்கள்.

முயிஸ் ஹலால் சான்றிதழ் உள்ள கடை என்றால் பன்றிக் கொழுப்புக் கவலை ஒரேயடியாகத் தீர்ந்தது. மதுவும் இருக்காது, மார்கரிட்டா குடித்துவிட்டுச் சத்தம் போடும் பக்கத்து மேசையும் இருக்காது. உங்கள் குடும்பத்துக்கு நான் அப்படி ஒன்றைத்தான் முதலில் தேடுவேன். கோழிச் சாறு, மாட்டுக் கொழுப்பு, முட்டை ஆகியவற்றை மட்டும் அங்கேயும் கேட்க வேண்டியிருக்கும்.

இனி உங்கள் நால்வருக்கு. போயோ கோழி, பெஸ்காதோ மீன், கமரோன் இறால். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். கார்னித்தாஸ், சோரிஸோ, கொச்சினீத்தா, அல் பாஸ்தோர் நான்கும் பன்றி. அல் பாஸ்தோர் பார்க்க ஷவர்மா மாதிரியே செங்குத்துக் கம்பியில் சுற்றும்; மெக்சிகோவுக்குக் குடியேறிய லெபனானியர் கொண்டுவந்த வித்தை, அங்கே பன்றியாக மாறியது. ஹலால் கடைகளில் அதே மசாலாவில் கோழி தருவார்கள், கிடைத்தால் மகனுக்கு அதை வாங்கிக் கொடுங்கள். கார்னே அசாதா மாடு. பார்பகோவா கேட்டுப் பார்க்க வேண்டிய பெயர், ஆடாகவும் இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம். பிரியா என்பது ஹலிஸ்கோ மாநிலத்து ஆட்டுக் குழம்பாகப் பிறந்தது; இன்று சீஸ் வைத்துச் சுட்டு, குழம்பில் தோய்த்துச் சாப்பிடும் படங்களில் வருவது பெரும்பாலும் மாடு. மகன் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் அடம்பிடிக்கிறான் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஏமாறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கொத்திறைச்சி என்று பொதுவாகப் போட்டிருந்தாலும் மாடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குச் சீஸ் வைத்து மடித்துச் சுட்ட கெசடியா ஒன்று போதும். சாஸைத் தனியாகத் தரச் சொல்லுங்கள். காரத்தைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு: 'நாங்கள் பார்க்காத மிளகாயா' என்பார்கள். ஹலபெனோ நம் பச்சை மிளகாய்க்குப் பக்கத்தில்கூட வராது, அது உண்மை. ஆனால் ஆரஞ்சு நிறத்தில், பழ வாசனையோடு ஒரு சின்னக் கிண்ணம் வந்தால் அது அபனேரோவாக இருக்கலாம். காரம் அளக்கும் ஸ்கோவில் கணக்கில் ஹலபெனோ 2,500 முதல் 8,000 வரை. அபனேரோ ஒரு லட்சத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கரண்டி நுனியில் தொட்டுப் பாருங்கள். சுட்டுவிட்டால் தண்ணீர் உதவாது, புளித்த பாலாடை ஒரு வாய் போட்டுக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வருவோம். உட்கார்ந்து சாப்பிடும் கடையில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் முதலில் 10% சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 9% ஜிஎஸ்டி. 100 வெள்ளி 119.90 ஆகிவிடும். ஆக உங்கள் 120 வெள்ளிக்குப் பட்டியல் விலையில் சரியாக 100 வெள்ளி வரைதான் இடம். நான் அண்மையில் பார்த்த கடைகளில் ஒரு டாக்கோ 6 முதல் 9 வெள்ளி வரை. 7 என்று வைத்து பதினொரு டாக்கோ 77, குவாகமோலேயும் சிப்ஸும் 13, மகளின் கெசடியா 10. முடிந்தது கணக்கு. அம்மாவுக்கு மூன்று, மகனுக்கு நான்கு, உங்கள் இருவருக்கும் இரண்டிரண்டு. சிப்ஸ் எண்ணெய் விஷயத்தில் நல்ல பதில் வராவிட்டால் அம்மா குவாகமோலேயை டோர்ட்டியாவில் வைத்துச் சாப்பிடலாம். குடிக்கத் தண்ணீர்தான், அதற்கும் சில கடைகள் காசு போடும் என்பதை நினைவில் வையுங்கள். வரிசையில் நின்று நாமே தட்டை எடுத்துவரும் கடைகளில் பெரும்பாலும் சேவைக் கட்டணம் இல்லை, பட்டியலில் உள்ள விலையே நீங்கள் கட்டும் விலை. அங்கே போனால் 120-ம் முழுசாக உங்கள் கையில். பீன்ஸையும் சோற்றையும் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து, விரலை நீட்டி, 'இது, இது வேண்டாம்' என்று சொல்லவும் முடியும். டிப்ஸ் நம் ஊரில் தேவையில்லை.

ஒரு தப்பை மட்டும் செய்யாதீர்கள். பதினொன்றையும் ஒரே நேரத்தில் சொல்லிவிடாதீர்கள். டாக்கோவைத் தோசை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கல்லிலிருந்து இறங்கிய ஐந்து நிமிடத்துக்குத்தான் அதற்கு உயிர். ஆறினால் டோர்ட்டியா விறைத்து மடிப்பில் பிளந்துவிடும், சாறு ஊறினால் நைந்துபோகும். முதலில் ஐந்து, சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் அடுத்த நான்கு, பசி இருந்தால் மிச்சம். மூன்றாம் சுற்றுக்கு வரும்போது பாதிப் பேருக்கு வயிறு நிறைந்திருக்கும், அதில் கொஞ்சம் பணமும் மிஞ்சும். பார்சலுக்கும் டாக்கோ ஆகாது. வீட்டுக்கு எடுத்துப் போக நினைத்தால் புரித்தோ வாங்குங்கள், அது சுருட்டிக் கட்டிய சோற்று மூட்டை, எம்ஆர்டி பயணத்தைத் தாங்கும்.

சாப்பிடக் கத்தி முள்கரண்டி கேட்க வேண்டாம். மூன்று விரலால் பிடித்து, எலுமிச்சையைப் பிழிந்து, டாக்கோவைச் சாய்க்காமல் தலையைச் சாய்த்துக் கடிக்க வேண்டும். கையால் சாப்பிட்டுப் பழகிய அம்மா முதல் வாயிலேயே உங்களையெல்லாம் தோற்கடித்துவிடுவார். இரண்டு டோர்ட்டியா அடுக்கி வந்தால் ஒன்றைத் தள்ளி வைக்காதீர்கள். மேல் டோர்ட்டியாவிலிருந்து சிந்துவதை அடி டோர்ட்டியா பிடிக்கும், கடைசியில் அதுவே இன்னொரு டாக்கோ.

செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு டாக்கோ சலுகை வைக்கும் கடைகள் இங்கே உண்டு, ஆனால் பானம் வாங்கினால்தான், குறிப்பிட்ட இறைச்சிக்குத்தான் என்று நிபந்தனை ஒட்டியிருக்கும். காளானுக்கும் உண்டா என்று அதே ஃபோனில் கேட்டுவிடுங்கள். அப்புறம், சலுகை நாளில் ஏழு மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம் வந்து அப்பும். ஆறு மணிக்கெல்லாம் போய் உட்கார்ந்துவிடுங்கள். சமையல்காரருக்கு அப்போது கை ஓய்வாக இருக்கும், அம்மாவின் டோர்ட்டியாவைத் தனிச் சட்டியில் சூடாக்கிக் கொடுக்க முகம் சுளிக்க மாட்டார்.