பதில்: மட்டக்களப்பில் மழை லீவு, பொழுதே போகவில்லை

தம்பி, பேராதனையிலிருந்து லீவுக்கு வந்து மூன்று நாளாய் மழை, கையில் காசில்லை, கல்லடி வீட்டில் போனோடயே கிடக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் கெம்பஸ் காலத்தில் அப்படிக் கிடந்தவன்தான்.

மார்கழியில் கோயிலில் திருவெம்பாவைப் பூசை தொடங்கினால் பத்து நாளும் விடியப்புறம் எழும்புங்கள். பக்தி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஈரத் தெருவில் சங்கும் சேமக்கலமும் கேட்டபடி நடந்து போய், பூசை முடியக் கைநிறையச் சுடச்சுடக் கடலை வாங்கித் தின்னத்தான் நானும் போனேன். திரும்பி வந்தால் அம்மாவின் பிட்டு, எருமைத் தயிர், ஒரு கதலிப்பழம். விடுதிச் சோறு தின்ற நாக்குக்கு வேறென்ன வேணும்?

மழை விட்ட பின்னேரம் பழைய கல்லடிப் பாலத்துக்குப் போங்கள், 1924இல் திறந்தது. தூண்டில் போடுகிறவர்களோடு கதை கொடுத்துப் பாருங்கள், இருட்டுவதே தெரியாது. பாலத்துக்குக் கீழே வாவியில் மீன் பாடும் என்று ஊரில் சொல்வார்கள், அதைக் கேட்க மட்டும் இப்போது காத்திருக்காதீர்கள். அது சித்திரை, வைகாசி போல வாவி அடங்கிக் கிடக்கும் பூரணை இரவுகளுக்கு. கடலிலும் இறங்க வேண்டாம், மார்கழிக் கடல் பொல்லாதது. டிசம்பர் 26ஆம் திகதி அந்தப் பக்கம் போனால் ஒரு விளக்கு கொண்டு போங்கள், சுனாமியில் போனவர்களுக்கு.

சைக்கிள் இருக்கா? செயினுக்கு எண்ணெய் விட்டு வையுங்கள்.