அட்டைப்பெட்டியில் ஆயிரம் வாட்

கேள்வி: ‘1000 வாட்’ என்று அச்சிட்டிருந்த எல்இடி செடி விளக்கை வாங்கினேன். வாட் மீட்டரில் பொருத்திப் பார்த்தால் 108 தான் காட்டுகிறது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டரில் பழுதில்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்தப் பலகையில் உள்ள சிப்புகளை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் 100 இருக்கும். ஒவ்வொரு சிப்பும் அதிகபட்சம் 10 வாட் தாங்கும் என்று வைத்துக்கொண்டு, 100-ஐ 10-ஆல் பெருக்கிப் பெட்டியில் அச்சிட்டுவிடுகிறார்கள். உள்ளே ஓடுவதோ சிப்புக்கு 1 வாட் அளவில்தான். இருபது லிட்டர் பிடிக்கும் குடத்தில் இரண்டு லிட்டரை ஊற்றி, இருபது லிட்டருக்குக் காசு வாங்குவதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. கேட்டால், ‘1000 வாட் சோடியம் விளக்குக்கு நிகர் என்றுதானே சொன்னோம்’ என்பார்கள். அதுவும் பொய். செடிக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியை நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) என்று அளக்கிறார்கள். 1000 வாட் சோடியம் விளக்கு அதில் ஆயிரத்தைத் தாண்டும். நல்ல எல்இடி விளக்குகூட ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 3 மைக்ரோமோல்தான் தருகிறது என்பதால், உங்கள் 108 வாட் விளக்கு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் 320-ஐ ஒட்டித்தான் நிற்கும். மீட்டர் காட்டும் எண்ணையும் பெட்டியில் உள்ள எண்ணையும் ஒரே படத்தில் எடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பெட்டியைக் கிழித்துவிடாதீர்கள்.

கேள்வி: லூமன் அதிகமுள்ள விளக்குதானே செடிக்கு நல்லது?

பதில்: லூமன் மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்குக் கண் இல்லை.

கேள்வி: ஊதா ஒளி விளக்கு வாங்கலாமா, வெள்ளை வாங்கலாமா?

பதில்: வெள்ளை. இதை அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இலையின் பச்சையம் நீலத்தையும் சிவப்பையுமே அதிகம் உறிஞ்சுகிறது என்று எங்கோ படித்துவிட்டு, அவ்விரண்டு நிறங்களை மட்டும் கொண்ட ஊதா விளக்கை ஆசையோடு வாங்கினேன். அதன் கீழே இலைகளெல்லாம் கருத்துத் தெரிந்தன. அடியிலைகள் மஞ்சளித்ததும், தண்டில் அசுவினிப் பூச்சி அடை அடையாக அப்பியிருந்ததும், ஒரு நாள் தொட்டியைச் சன்னலருகே தூக்கிவந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பச்சை ஒளியையும் செடி பயன்படுத்துகிறது. மேல் இலைகளைக் கடந்து கீழே இறங்குவதும் அதுவே அதிகம். வெள்ளை எல்இடி என்பதே 450 நானோமீட்டரை ஒட்டிய நீலச் சிப்பின்மேல் பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருளைப் பூசியதுதான் என்பதால், நீலத்துக்கும் அதில் குறைவில்லை. கூடவே 660 நானோமீட்டர் சிவப்புச் சிப்புகள் சில இருந்தால் போதும்.

கேள்வி: நானே செய்தேன். நான்கு எல்இடி பட்டைகளைப் பிளாஸ்டிக் தட்டின் மூடியில் ஒட்டி, வீட்டில் கிடந்த ஒரு டிரைவரில் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் கருவி) பக்க இணைப்பாகக் கொடுத்தேன். ஒரு பட்டை மட்டும் மிகப் பிரகாசமாக எரிந்து இரண்டே வாரத்தில் கருகிவிட்டது. பட்டை போலியா?

பதில்: பட்டையைக் குறை சொல்லாதீர்கள். ‘வீட்டில் கிடந்த ஒரு டிரைவர்’ என்று எழுதும்போதே உங்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். எல்இடி சூடேறச் சூடேற அதற்கு வேண்டிய மின்னழுத்தம் குறைகிறது. எனவே பக்க இணைப்பில் சற்று அதிகம் சூடான பட்டை மற்றவற்றின் மின்னோட்டத்தையும் தன்பக்கம் இழுத்து, மேலும் சூடாகி, இறுதியில் கருகுகிறது. பிளாஸ்டிக் மூடி அந்தச் சூட்டை வெளியே விடவுமில்லை. பட்டைகளை அலுமினியத்தில் பொருத்தி, தொடர் இணைப்பில் கோத்து, மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் டிரைவரைக் கொடுங்கள். 24 வோல்ட் பட்டைகள் நான்கைக் கோத்தால் 96 வோல்ட் ஆகும். அது டிரைவரின் வரம்புக்குள் வருகிறதா என்று விவரத்தாளில் பாருங்கள். 96 வோல்ட் ஆளை அடிக்கும். ஈரக்கையோடு புழங்கும் இடம் அது, இணைப்புகளைத் திறந்து வைக்காதீர்கள். அலுமினியச் சட்டத்துக்கு எர்த் கொடுங்கள்.

கேள்வி: நடுவில் உள்ள லெட்யூஸ் (சாலட் கீரை) நாற்றுகள் நன்றாக வளர்கின்றன; ஓரத்தில் உள்ளவை நடுப்பக்கம் சாய்ந்து நெட்டையாகின்றன. இன்னும் பெரிய விளக்கு வேண்டுமா?

பதில்: வேண்டாம். இருக்கும் ஒளியைப் பரப்புங்கள். பட்டைகளைச் சம இடைவெளியில் வைத்தால் நடுவில் எல்லாப் பட்டைகளின் ஒளியும் சேர்ந்து விழும், ஓரத்துக்கு ஒரு பக்கத்து ஒளிதான் கிடைக்கும். ஆகவே ஓரங்களில் பட்டைகளை நெருக்கியும் நடுவில் விலக்கியும் வையுங்கள். சுற்றிலும் வெள்ளைப் பலகை நிறுத்துங்கள். சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல் வீதம் 16 மணி நேரம் விழுந்தால் நாளுக்கு 11.5 மோல் சேரும். லெட்யூஸுக்கு ஏறத்தாழ அதுவே போதும்.

கேள்வி: 24 மணி நேரமும் எரியவிட்டால் இன்னும் வேகமாக வளருமா?

பதில்: தக்காளியாக இருந்தால் இலை மஞ்சளித்துவிடும். டைமர் வாங்குங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் மூன்று விளக்குகள் வாங்கிவிட்டேன். என்ன செடி வளர்ப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆலோசனை கூறவும்.

பதில்: துளசியில் தொடங்குங்கள். ஒரு விளக்கை மட்டும் பிரியுங்கள். மற்ற இரண்டையும் பெட்டியோடு திருப்பி அனுப்புங்கள்.