மழுங்கிய வாளுக்கும் உரிமம் வேண்டுமா?

கேள்வி: சிலம்பத்தில் கம்பு வீச்சு ஓரளவு கைவந்துவிட்டது. ஆசான் வாள்வீச்சு தொடங்கலாம் என்கிறார். கூர் இல்லாத வாள் வாங்கினால் சட்டச் சிக்கல் இருக்காது அல்லவா?
- வாசகர், காட்பாடி

பதில்: கூர் இல்லை என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. பொம்மையாக அன்றி வேறெதற்கும் பயன்படாத, ஆயுதமாக மாற்றவும் முடியாத பொருளுக்குத்தான் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்குத் தருகிறது. இரும்பு வாளுக்குச் சாணை பிடித்தால் கூர் வந்துவிடும். பிறகு அது எப்படிப் பொம்மையாகும்? 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாள், ஈட்டி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் எல்லாம் ஐந்தாம் வகை. சமையலுக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதில் சேராது. சுருள்வாள் வளைகிறதே என்று விட்டுவிடாதீர்கள், அதுவும் வாள்தான்.

இந்த வகை ஆயுதத்தை வைத்திருக்க உரிமம் கட்டாயமாவது, சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி அறிவிக்கை வெளியான பகுதிகளில். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன், அந்த அறிவிக்கை உங்கள் ஊருக்கு நடப்பில் உள்ளதா என்று ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கேளுங்கள். மனு நகலில் முத்திரை வாங்குங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள். காட்பாடிக்காரர் நீங்கள் வேலூர் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரிக்குப் போக வேண்டும். ஆற்காடு, வாலாஜா என்றால் ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகும் பழைய பழக்கத்தில் வேலூரிலேயே மனு கொடுத்தால் நாட்கள்தான் வீணாகும்.

உரிமம் தேவை என்று பதில் வந்தால், தனிநபருக்கான ஏ-1 படிவத்தில் விண்ணப்பியுங்கள். எதற்காக என்ற இடத்தில் 'தற்காப்பு' என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தப் பயிற்சிக்கூடம், எந்த ஆசான், என்ன வகை வாள், எத்தனை அங்குலம், எங்கே பூட்டி வைக்கப்படும் என்பதை எழுதி, ஆசானின் கடிதத்தையும் இணையுங்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் அறிக்கை வந்த பிறகே முடிவு. மறுத்தால் மேல்முறையீடு உண்டு.

அதுவரை மரவாளே போதும். அடவும் காலடியும் படிய அதைவிட நல்ல கருவி கிடையாது. சுருள்வாளுக்கு முதலில் நீளத் துணிப்பட்டை. துணி உங்கள் கழுத்தைச் சுற்றுவது நிற்கும்வரை தகடு வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் 'அலங்கார வாள்' மலிவாகக் கிடைக்கிறது. பயிற்சிக்கு ஆகுமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: ஆகாது. பலவற்றில் பிடிக்குள் போகும் பகுதி, தகட்டில் பற்றவைத்த மெல்லிய திருகுக் கம்பிதான். நான்கு வீச்சு வேகமாக வீசினால் பற்றவைத்த இடம் விட்டு, தகடு எதிரே நிற்பவர் மேல் பறக்கும். துருப்பிடிக்காத எஃகில் நீளமான வாள் செய்தால் அடி தாங்காமல் ஒடியவும் செய்யும். ஸ்பிரிங் எஃகில், தகடும் பிடிக்குள் செல்லும் பகுதியும் ஒரே துண்டாக இருப்பதை வாங்குங்கள். விளிம்பு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல், முனை உருண்டு, எடை ஒரு கிலோவை ஒட்டி இருக்கட்டும். பிடியைக் காதருகே வைத்து ஆட்டுங்கள், கடகடவென்றால் வேண்டாம். இன்னொன்று, 'அலங்காரம்' என்ற பெயர் சட்டத்தின் முன் செல்லாது. ரசீது தராதவரிடம் எதுவும் வாங்காதீர்கள்.

கேள்வி: ஆற்காட்டிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் பயிற்சிக்குக் கொண்டுபோகலாமா?
- வாசகர், ஆற்காடு

பதில்: கூடியவரை வாள் பயிற்சிக்கூடத்திலேயே பூட்டியிருக்கட்டும், நீங்கள் மட்டும் போய் வாருங்கள். போட்டிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால் உறையிலிட்டு, துணி சுற்றி, பூட்டிய நீளப்பெட்டியில், வழியில் எங்கும் நிற்காமல். காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும்; அசல், போட்டி அழைப்புக் கடிதம், ரசீது மூன்றும் கையில் இருக்கட்டும். தடை உத்தரவு உள்ள நாட்களில் எடுக்கவே வேண்டாம். பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் படம் போட்டுக் கைதானவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. பயிற்சிப் படமானாலும் வாளோடு தெருவில் நின்று எடுக்காதீர்கள்.

உறை பற்றி ஒன்று. நம் பக்கம் தோல் எளிதில் கிடைப்பதால் பலர் தோலுறையிலேயே வாளை மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட உப்பும் அதில் தங்கியிருக்கும். தகட்டில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். தோலுறை பயணத்துக்கு மட்டும். வீட்டில் வியர்வையைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு தடவி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.